நுண்ணுயிரியலோடு தொழில்முனைவை மைனர் பாடமாக எடுக்கலாமா?

அல்சூர் மாணவி:
பெங்களூரில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு பி.எஸ்சி. நுண்ணுயிரியல் படிக்கிறேன். மைனர் பாடமாக, அதாவது மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தோடு படிக்கும் துணைப் பாடமாக, புள்ளியியல், தொழில்முனைவு இரண்டில் ஒன்றை இந்த மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். அல்சூரில் எங்கள் வீட்டில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறோம். கோடையில் பாக்கெட்டுகள் தலையணைபோல் உப்பித் திரும்பி வருவதுதான் பெரிய நஷ்டம். புளிப்பு ஏறுவதைத் தாமதப்படுத்தும் வழியை இறுதியாண்டு ஆய்வாக எடுத்து, பிறகு அதையே தொழிலாக்க ஆசை. அப்பாவோ, "வியாபாரத்தை வகுப்பில் உட்கார்ந்தா படிப்பார்கள்?" என்கிறார். எம்.எஸ்சி. சேர இது தடையாகுமா?

கரும்பலகை:
எம்.எஸ்சி.க்கு உங்கள் மேஜர் பாடத்தைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தக் கவலை வேண்டாம். யோசிக்க வேண்டியது நேரத்தைப் பற்றி. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022 இறுதியில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, நான்காண்டுப் படிப்பின் 160 கிரெடிட்டில் குறைந்தது 32 மைனருக்கு உரியவை. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்று வைத்தால் 480 மணி நேரம் ஆகிறது. ஆகவே துறையில் கேட்டுப் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். அடக்கவிலைக் கணக்கும், வரவு செலவு அறிக்கையை வாசிக்கும் பயிற்சியும், மாதிரிப் பொருளைச் செய்து வெளியாட்களிடம் கொண்டுபோகும் ஒரு தாளும் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். தொழில்முனைவோரின் பத்துப் பண்புகளை மனப்பாடம் செய்து, கடைசியில் ஒரு திட்ட அறிக்கையை எழுதிக் கொடுப்பதோடு முடிகிறதென்றால் புள்ளியியலே மேல். வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்த மாவை ஒப்பிட்டு, தெரியும் வேறுபாடு உண்மையானதா தற்செயலா என்று சொல்ல அதுதான் கைகொடுக்கும். தொழில்முனைவை மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படித்துக்கொள்ளலாம். அங்கு மேலாண்மைப் படிப்புகளை ஒருங்கிணைப்பது நம் ஊர் ஐஐஎம்தான். பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் கிரெடிட்டும் கிடைக்கும்; ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாக அனுமதிக்க யுஜிசியின் 2021 விதிமுறையில் இடமிருக்கிறது.

பவாய் பழையவன்:
முழுவதும் உடன்பட முடியவில்லை. மும்பை ஐஐடியில் தேசாய் சேத்தி பள்ளி என்னும் துறை நடத்தும் தொழில்முனைவு மைனரைப் பொறியியலோடு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இணையப் படிப்பில் கிடைக்காதது, வேறு துறை மாணவர்களோடு ஒரே குழுவில் மல்லுக்கட்டுவதும், வாய்திறந்து விற்கத் தொடங்குமுன் எதிரில் இருப்பவரைப் பேசவிடும் பழக்கமும். உங்கள் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரருக்குத் தேவை பத்து நாள் கெடாத மாவா, அல்லது குளிர்பெட்டியில் இடம் அடைக்காமல் நாள்தோறும் காலையில் வந்து இறங்கும் சிறிய பாக்கெட்டா? இரண்டாவதுதான் என்று தெரியவந்தால் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு மிச்சம்.

கே.ஆர்.புரம் கிரைண்டர்:
நானும் மாவு வியாபாரிதான். உங்கள் அப்பா சொல்வதில் பாதி நியாயம் உண்டு. ஆனால் எங்களைப்போன்றவர்கள் அரிசி, உளுந்து, மின்கட்டணத்தைக் கணக்கிடுவோமே தவிர, விடியற்காலையில் எழுந்து அரைக்கும் வீட்டாரின் கூலியையும், ரிட்டர்ன் வரும் பாக்கெட்டையும் விலையில் சேர்க்க மாட்டோம். அதைச் சொல்லித்தரும் வகுப்பென்றால் அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள்.

அல்சூர் மாணவி:
பாடத்திட்டம் கிடைத்துவிட்டது. அடக்கவிலைக்குத் தனித்தாளும், கடைசி இரண்டு செமஸ்டரில் செயல்திட்டமும் இருக்கின்றன. எனவே தொழில்முனைவையே எடுக்கிறேன். புள்ளியியலை ஸ்வயத்தில் படிக்கிறேன். செயல்திட்டத்தையும் இறுதியாண்டு ஆய்வையும் ஒரே மாவில் செய்யலாமா?

கரும்பலகை:
செய்யலாம், ஆனால் ஒரே அறிக்கையை இரண்டு இடத்தில் கொடுக்கக் கூடாது. தொடங்குமுன் கண்டுபிடிப்பின் உரிமை யாருக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்கான 2019ஆம் ஆண்டின் தேசியப் புத்தாக்க, ஸ்டார்ட்அப் கொள்கை, கல்லூரியின் வசதிகளைப் பெருமளவு பயன்படுத்தி உருவானதற்குக் கல்லூரியும் கூட்டு உரிமையாளர் என்கிறது. வீட்டு மாவைக் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போவதற்குள் இது தெளிவாகிவிட வேண்டும்.