முத்துக்குளித்துறை (தூத்துக்குடிக் கடற்கரை) கிறிஸ்தவக் கோவில்கள், ஒரு நாள் வேன் டூர்: போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவைக்காரி:

தூத்துக்குடியில் காலை ஆறரைக்கு ஏற்றி ராத்திரி எட்டுக்கு இறக்கிவிடுகிற அதே வேன்தான். தூத்துக்குடி பனிமய மாதா கோவில், புன்னைக்காயல் (இறங்கவே விடவில்லை, ஜன்னல் வழியாகத்தான்), வீரபாண்டியன்பட்டினம், மணப்பாடு, உவரி. போனவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் பொறுமை இல்லை. மணப்பாட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மூன்று மாதமாக உறுத்துகிறது.

மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவிலைப் பார்த்துவிட்டு, கீழே புனித பிரான்சிஸ் சவேரியார் ஜெபித்ததாகச் சொல்கிற குகைக்கு இறங்கினோம். உள்ளே அந்தக் கிணறு. அலைச் சத்தம் காதை அடைக்கிறது, ஆனால் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. கிணற்றோரம் ஒரு பாட்டி ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரு டம்ளர் மொண்டு கொடுத்துவிட்டு, "யாருக்கும்மா நேர்ச்ச?" என்றார்.

சும்மா சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை. "பையனுக்கு. பிளஸ் டூ எழுதப் போறான்" என்று சொல்லிவிட்டேன்.

எனக்குப் பையன் கிடையாது. கல்யாணமே ஆகவில்லை.

பேர் கேட்டார். அண்ணன் மகன் பேரைச் சொன்னேன். என் தலையில் கையை வைத்து, கண்ணை மூடி, அருள் நிறைந்த மரியே ஜெபத்தை முழுவதும் சொன்னார். கை ஈரமாக இருந்தது. "பரீட்ச முடியிற மட்டும் முதல் வெள்ளிதோறும் ஒம் மவனுக்கு ஒரு ஜெபமால சொல்லுதேன், நீ கவலப்படாம போ" என்றார். அதற்குள் மேலேயிருந்து கைடு விசில். ஓடி வந்துவிட்டேன். இதுவரை மூன்று மாதத்து முதல் வெள்ளி போயிருக்கிறது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

முத்துநகர் பழைய ஆள்:

அது இருக்கட்டும். பனிமய மாதா சுரூபத்தை, அதாவது சிலையை, சவேரியார்தான் கொண்டுவந்தார் என்று உங்கள் கைடு சொல்லியிருப்பாரே? எல்லா வேனிலும் அதையே சொல்கிறார்கள். சவேரியார் 1542இல் இந்தக் கரைக்கு வந்தார், 1552 டிசம்பரில் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோனார். சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்தது என்பதுதான் எங்கள் ஊரில் வழிவழியாகச் சொல்வது. செத்து மூன்று வருடம் கழித்து எப்படிக் கொண்டுவருவார்?

என் அனுபவம் என்றால், 2023 ஆகஸ்ட் 5 பனிமய மாதா தங்கத் தேர். முதன்முதலில் 1806இல் ஓடிய தேர், எல்லா வருடமும் ஓடாது என்பது தெரிந்ததுதானே. வடத்தைப் பிடித்து நின்றவன், தேர் கிளம்பும் நேரம் பார்த்து ஒரு கையை எடுத்து போனைத் தூக்கினேன். பக்கத்தில் யாரோ ஒரு அம்மா, என்னைவிட வயது குறைவுதான், "அண்ணாச்சி, போன உள்ள வச்சிட்டு ரெண்டு கையாலயும் பிடிங்க" என்றார். வைப்பதற்குள் தேர் அசைந்துவிட்டது. அந்த முதல் அசைவை நான் திரையில்தான் பார்த்தேன். வீடியோவில் என் கட்டைவிரல் பாதியும் வானம் பாதியும். இன்னும் அழிக்கவில்லை.

அச்சுக்கோப்பவன்:

முத்துநகர் அண்ணாச்சி, கைடைத் திருத்துகிறீர்கள் சரி. 1555இல் மணிலாவிலிருந்து எப்படி வரும்? அந்த ஊர் ஸ்பெயின்காரர்கள் கைக்கு வந்ததே 1571இல்தான். அதற்கு முன்னால் அங்கே மாதா சுரூபம் செய்து அனுப்ப யார் இருந்தார்கள்? வருடம் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஊர் மாறியிருக்க வேண்டும்.

முத்துநகர் பழைய ஆள்:

தம்பி, எங்கள் பாட்டி சொன்னதை நான் சொன்னேன். நீங்கள் மாதாவிடம் பாஸ்போர்ட் கேட்கிறீர்கள்.

சிவகாசி ராஜா:

நான் ஒரு தப்பு செய்தேன், இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். ஊர் பேர் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை டூர், நாங்கள் போன நேரம் பூசை நடந்துகொண்டிருந்தது. கைடு பின்னால் உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் எல்லோரும் வரிசையில் போனார்கள். கோவிலில் வரிசை என்றால் எனக்குப் பிரசாத வரிசைதான் தெரியும். போனேன். சாமியார் ஏதோ சொன்னார், நான் தலையாட்டினேன், கையில் அந்த வெள்ளை அப்பத்தை வைத்தார். வீட்டுக்காரிக்குப் பாதி கொடுக்கலாம் என்று உள்ளங்கையில் மூடிக்கொண்டு இடத்துக்கு நடந்தேன்.

ஒரு பெரியவர் பெஞ்சைத் தாண்டி வேகமாக வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். கோபம் இல்லை. பயம். கைக்குழந்தையை யாரோ தவறாகத் தூக்கினால் ஒரு முகம் வருமே, அந்த முகம். "அய்யா, இப்பவே வாயில போட்டுருங்க. இப்பவே" என்றார். போட்டேன். நான் விழுங்குகிற வரைக்கும் கையை விடவில்லை. அப்புறம் என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஏன் கும்பிட்டார் என்று வேனில் வரும்போதெல்லாம் யோசித்தேன். எனக்கு இல்லை, உள்ளே போனதற்கு என்று பிற்பாடு ஒரு கிறிஸ்தவ நண்பர் சொன்னார்.

மரிய டீச்சர் (ஓய்வு):

ராஜா தம்பி, மனதைப் போட்டு உழப்பாதீர்கள். தெரியாமல் நடந்தது. ஆனால் இனிமேல் போகிறவர்களுக்காகச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

நற்கருணை என்கிற அந்த அப்பத்தை நாங்கள் இயேசுவின் உடலாகவே நம்புகிறோம். அதை வாங்க எழுந்து போகாதீர்கள், உட்கார்ந்த இடத்திலேயே இருங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பூசை நேரத்தில் பீடத்துப் பக்கம் போய்ப் படம் எடுக்காதீர்கள். செருப்பு விஷயத்தில் வாசலைப் பாருங்கள். வெளியே குவிந்து கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள், கைடைக் கேட்காதீர்கள். உவரி அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை கூட்டம் அள்ளும். கூட்டம்தான் பார்க்க வேண்டும் என்றால் செவ்வாய் போங்கள், கோவிலைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு நாள். அங்கேயே கப்பல் மாதா கோவிலை விடாதீர்கள், கப்பல் மாதிரியே கட்டியிருப்பார்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மணப்பாட்டுத் திருவிழா செப்டம்பர் 1 முதல் 14 வரை, பனிமய மாதாவுக்கு ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்ட் 5 வரை. இந்த நாள்களில் டூர் வேனில் போவதைப் போல முட்டாள்தனம் வேறு கிடையாது, வண்டி ஊருக்கு வெளியேதான் நிற்கும். திருச்செந்தூரில் சஷ்டி நேரம் என்றால் அந்தப் பாதையையே மறந்துவிடுங்கள். மணப்பாட்டில் பனையோலைப் பெட்டி வாங்குங்கள், உள்ளூர்ப் பெண்கள் கையால் முடைவது, பேரம் பேசாதீர்கள். கருப்பட்டி உடன்குடியில் வாங்குங்கள், நுனி உடைத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். தூத்துக்குடி மக்ரூனைக் காலையிலேயே வாங்கி வேனில் வைக்காதீர்கள், சாயங்காலத்துக்குள் கடற்காற்றில் நமத்துப்போகும். திரும்பும்போது வாங்குங்கள்.

என் அனுபவம் சின்னது. உவரியில் ஒருவர் உப்பும் மிளகும் காணிக்கை போட்டார். எதற்கு என்று கேட்டேன். "எங்க அப்பா போட்டாரு" என்றார். நாற்பது வருடம் மறைக்கல்வி நடத்திய எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

வள்ளியூர் பஸ்:

எங்களுடையது கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் டூர். கோட்டாறு, காற்றாடிமலை, வடக்கன்குளம். திருவிதாங்கூர் அரசு அதிகாரியாக இருந்த தேவசகாயம் பிள்ளை 1745இல் ஞானஸ்நானம் பெற்றது வடக்கன்குளத்தில், 1752இல் சுட்டுக் கொன்றது காற்றாடிமலையில், 2022இல் புனிதர் பட்டம். இதை இருபது நிமிடம் சொன்னார் கைடு, நன்றாகவே சொன்னார். சாதி பார்க்காமல் பழகியதைக்கூட விடவில்லை. ஆனால் வடக்கன்குளம் கோவில் ஏன் கால்சட்டை மாதிரி இரண்டு கூடமாகப் பிரிந்து பீடத்தில் போய்ச் சேர்கிறது என்று ஒரு சிறுவன் கேட்டபோது, "அது ஒரு டிசைன்" என்றார்.

நான் கொஞ்சம் பின்தங்கி நின்றேன். அங்கே ஒரு தாத்தா தூண் பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் அது விழுந்திருக்கிறது. என்னிடம் ஒன்றும் பேசவில்லை. வலது கால் பெருவிரலால் தரையில் மெதுவாக ஒரு கோடு இழுத்தார். "இந்தப் பக்கம் எங்க ஆளுக. அந்தப் பக்கம் அவுக" என்றார். எந்தப் பக்கம் யார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1910 வாக்கில் சாதிவாரியாகப் பிரித்திருந்த தடுப்பை எடுத்தார்கள், அதை எதிர்த்து வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது, போட்டவர்கள் தோற்றார்கள். இதெல்லாம் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அந்தக் கால்விரல்தான் கண்ணிலேயே நிற்கிறது.

ஜெரோம் 77:

நல்லதைப் பேசுகிற இடத்தில் எதற்குச் சாதியைக் கொண்டு வருகிறீர்கள்? நூறு வருடத்துக்கு முந்தைய கதை. டூர் வருகிறவன் நிம்மதியாக ஜெபம் பண்ணிவிட்டுப் போகட்டும்.

வள்ளியூர் பஸ்:

நான் கொண்டு வரவில்லை, கோவிலின் அமைப்பிலேயே இருக்கிறது. சிறுவன்கூடக் கேட்டுவிட்டான்.

ஜெரோம் 77:

அந்தத் தாத்தா சொன்னது உண்மையா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மரிய டீச்சர் (ஓய்வு):

இரண்டு பேரும் நிறுத்துங்கள். ஜெரோம், கட்டடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். காலையில் போங்கள், வெயிலுக்கு முன்னால்.

அச்சுக்கோப்பவன்:

புன்னைக்காயலில் இறங்க விடவில்லை என்று முதலில் ஒருவர் எழுதினாரே, எனக்கும் அதேதான். கடுப்பாகிவிட்டது. அண்டிரிக்கு அடிகளார் இருந்த ஊர் அது. போர்ச்சுக்கல்லில் பிறந்து, இங்கே வந்து தமிழ் படித்து, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சடித்தவர். இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் அச்சான முதல் புத்தகங்களில் அது ஒன்று. அப்புறம் 1586இல் அடியார் வரலாறு என்ற இன்னொரு புத்தகத்தைப் புன்னைக்காயலிலேயே அச்சிட்டார்கள் என்று படித்திருக்கிறேன். அப்பா அச்சகத்தில் எழுத்துக் கோத்து வளர்ந்தவன் நான், ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு எப்படிப் போவது?

அடுத்த மாதமே பஸ் பிடித்துத் தனியாகப் போனேன். தாமிரபரணி கடலில் விழுகிற இடம், வலை காய்கிறது, நாய் தூங்குகிறது. பழைய அச்சகத்தின் செங்கல் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்தவர் என்ன தேடுகிறேன் என்று கேட்டார். "அச்சகம் இருந்த இடம்" என்றேன்.

"பிரஸ்ஸா? பிளெக்ஸ் அடிக்கவா? இங்க கெடையாது. ஆத்தூருக்குப் போங்க" என்றார்.

நானூறு வருடக் கதையை அங்கேயே நின்று அவருக்குச் சொன்னேன். வலையை விடாமல் கேட்டார். முடித்ததும், "அப்ப இங்க அடிச்சிருக்காவ. இப்ப நாம ஆத்தூருக்குப் போறோம்" என்றார்.

சிவகாசி ராஜா:

பிரிண்டிங் வேலைக்கு ஆத்தூர் எதற்கு, சிவகாசிக்கு வாங்க.

முத்துநகர் பழைய ஆள்:

டீச்சர், மக்ரூன் நமத்துப்போகிறது என்றால் வாங்கிய கடை சரியில்லை. நல்ல மக்ரூன் டப்பாவில் ஒரு வாரம் தாங்கும். எங்கள் ஊரைக் குறை சொல்லாதீர்கள். கோவைக்காரி அம்மா, நீங்கள் திரும்ப மணப்பாட்டுக்குப் போய் அந்தப் பாட்டியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். பையன் இல்லை, அண்ணன் மகன் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

கோவைக்காரி:

அண்ணாச்சி, அதைத்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவனிடம் சொல்லிவிடலாம் என்று நேற்று அண்ணன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, போறீங்கன்னா அந்தப் பாட்டிகிட்ட கெமிஸ்ட்ரின்னு குறிப்பா சொல்ல முடியுமா?" என்று கேட்டான்.