கால் சென்டரா, டி.ஒய். பி.காமா, மூன்றாவது ரவுண்டா?

லேபர்கேம்ப் பாட்டுக்காரி (திங்கள், அதிகாலை 3.50)

வணக்கம். இப்போதுதான் ஆபீஸ் கேப் இறக்கிவிட்டுப் போனது. எனக்கு வயது 20. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு, இட்லி வியாபாரம். நான் படுக்கப் போகிற நேரத்தில் அம்மா இட்லித் தட்டில் துணி விரித்துக்கொண்டிருப்பாள். அப்பா சாம்பார் கேனைக் கட்டிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் சைக்கிளில் கிளம்பிவிடுவார். எனக்கு ஏழு மணிக்குக் கல்லூரி. டி.ஒய். பி.காம், அதாவது கடைசி வருடம், ஐந்தாவது செமஸ்டர். மதியம் மூன்று மணி நேரம் தூங்குவேன். நாலரைக்கு சயானில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, ஐரோலி. அங்கே கால் சென்டரில் வாய்ஸ் பிராசஸ், போனில் பேசிக்கொண்டே இருக்கிற வேலை, மாலை ஆறு மணியிலிருந்து அதிகாலை மூன்று மணி வரை.

சின்ன வயதிலிருந்தே பாடுகிறேன். அம்மன் கொடைக்கு மெல்லிசைக் குழுவில் பாடிப் பழகியதுதான். முறையாகக் கற்றது இரண்டே வருடம். இப்போது ஓர் இந்தி டிவி பாட்டுப் போட்டியில் இரண்டு ரவுண்டு தாண்டிவிட்டேன். முதல் ரவுண்டுக்குக் காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, பன்னிரண்டரைக்கு உள்ளே போய், பாடியது ஒரே ஒரு நிமிடம். மூன்றாவது ரவுண்டு வியாழனிலிருந்து சனி வரை கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் நடக்கிறது. எனக்குக் கொடுத்திருப்பது வெள்ளிக்கிழமை. அன்று காலையில்தான் செமஸ்டர் பரீட்சையில் டைரக்ட் டாக்ஸ் பேப்பர். தேர்வாகிவிட்டால் மாதக்கணக்கில் ஷூட்டிங், வேலையையும் விட வேண்டும். என் சம்பளம் 19,000 ரூபாய். வாடகையும் தங்கையின் கல்லூரிக் கட்டணமும் அதில்தான் போகிறது.

இன்னொன்று. இரண்டு வாரமாகக் குரல் மேலே ஏறவில்லை. மேல் சட்ஜத்தை, அந்த உச்ச 'ஸா'வைத் தொட்டால் வெறும் காற்றுதான் வருகிறது.

எதை விடுவது? அண்ணன்கள், அக்காக்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா வாத்தியார் (திங்கள், காலை 7.10)

பரீட்சையை எழுதும்மா. இருபத்தாறு வருடமாகக் காமர்ஸ் எடுக்கிறேன். பாட்டு, கிரிக்கெட், மாடலிங் என்று கடைசி வருடத்தில் கிளம்பிய பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். "அடுத்த தடவை எழுதிக்கொள்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் திரும்பி வந்து ஹால் டிக்கெட் வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணலாம். பகலில் மூன்று மணி நேரத் தூக்கத்தோடு 75 சதவீத வருகையையும் காப்பாற்றி இந்த செமஸ்டர் வரை வந்திருக்கிறாய். அதைச் சாதாரணமாக நினைக்காதே.

பட்டம் பாட்டுக்கு எதிரி இல்லை. செம்பூரில் வளர்ந்த சங்கர் மகாதேவன் பொறியியல் முடித்து, மென்பொருள் வேலையும் பார்த்த பிறகுதான் முழுநேரப் பாட்டுக்கு வந்தார். குரல் எங்கேயும் ஓடிவிடவில்லை.

தாராவி செல்வன் (திங்கள், காலை 9.25)

வாத்தியார் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வீட்டில் ஆர்மோனியம் இருந்து, பாட்டு வகுப்புக்கு மாதா மாதம் பணம் கட்ட ஆள் இருந்தால், பட்டம் வாங்கிய பிறகும் பாட வரலாம். லேபர் கேம்ப்பில் பிறந்த பிள்ளைக்கு அந்த வசதி எங்கே இருக்கிறது? அதற்குக் கிடைத்தது காலை ஐந்து மணி வரிசையும் ஒரு நிமிடமும்தான். அதிலும் இரண்டு ரவுண்டு தாண்டியிருக்கிறது.

மும்பையில் படித்தவர்களுக்கு ஏ.டி.கே.டி. தெரியாமல் இருக்காது. ஒரு பேப்பர் போனால் அடுத்த முறை எழுதலாம். இப்போது தேறிய பாடங்களின் மதிப்பைச் சேர்த்துவைக்கிற கிரெடிட் வங்கி வேறு வந்துவிட்டது. சேர்த்த கிரெடிட் ஏழு வருடம் வரை செல்லும் என்கிறார்கள். மூன்றாவது ரவுண்டுக்கு ஏ.டி.கே.டி. கிடையாது.

ஹரிஹரனும் மும்பையில் வளர்ந்த தமிழர்தான். 1977-ல் சுர் சிங்கார் போட்டியில் ஜெயித்ததால்தானே இசையமைப்பாளர் ஜெய்தேவ் அவரைக் கூப்பிட்டார்? அப்போது அவருக்கு 22 வயது.

என் கதையையும் சொல்கிறேன். 1998-ல் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா ரிதம் பேட் வாசிக்க என்னை துபாய்க்குக் கூப்பிட்டது. ஐ.டி.ஐ. பரீட்சை இருக்கிறது என்று வீட்டில் விடவில்லை. எழுதினேன், பாஸானேன். ஃபிட்டர் சர்டிபிகேட் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இன்றைக்கும் கொடை விழாவில் வேறு பையன் பேட் வாசிக்கும்போது என்னால் பக்கத்தில் நிற்க முடியாது, தெரு முனைக்குப் போய்விடுவேன். தங்கச்சி, நீ போ.

கோரேகாவ் கோரஸ் (திங்கள், மதியம் 1.40)

ஹரிஹரன் பேச்சை எடுத்ததால் மீதியையும் சொல்லிவிடலாம். 1977-ல் போட்டி. தமிழ்நாடு முழுக்க அவர் குரல் கேட்டது 1992-ல். நடுவில் 15 வருடம் கஜல் பாடி, கச்சேரி செய்து உழைத்தார். அரிஜித் சிங் 2005-ல் ஒரு டிவி போட்டியில் தோற்று வெளியே வந்தவர். நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது 2013-ல். இடையில் ஸ்டுடியோவில் மியூசிக் புரோகிராமிங் வேலை. போட்டி ஒரு கதவைத் திறக்கும், செல்வண்ணா. சாப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும்.

நானும் இதே மாதிரி ஒரு போட்டியில் கடைசி இருபது வரை போனவன். எந்தப் போட்டி என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது ரவுண்டில் நடுவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் தயாரிப்புக் குழு ஆட்கள் நாலு பேர். பாடி முடித்ததும் அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "உன் வீட்டில் என்ன கஷ்டம்?" உன்னிடமும் கேட்பார்கள். இட்லித் தட்டு, அப்பாவின் சைக்கிள், நைட் ஷிப்ட் எல்லாம் அவர்களுக்குப் பிடித்துப்போகும். எவ்வளவு சொல்வது என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டு போ.

அப்புறம் ஹோட்டலில் 40 நாள் உட்காரவைத்தார்கள். தினமும் ஒத்திகை, காத்திருப்பு. நான் பார்த்துக்கொண்டிருந்த வேலை அதற்குள் போய்விட்டது. ஒளிபரப்பு முடியும் வரை வெளி மேடையில் பாடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். அந்த வருட நவராத்திரி முழுக்கச் சும்மா இருந்தேன். இன்றைக்குக் கோரஸும் விளம்பர ஜிங்கிளும் பாடிப் பிழைக்கிறேன், பாட்டை விடவில்லை. ஆனால் அந்த ஒரு வருடம் வீட்டில் பட்ட பாடு பெரிய பாடு.

அதனால் இரண்டு விஷயம். கோஆர்டினேட்டருக்குப் போன் செய்து ஹால் டிக்கெட் படத்தை அனுப்பி, சனிக்கிழமை நேரம் கேள். மூன்று நாள் நடப்பதால் மாற்றிக் கொடுக்க வாய்ப்பு உண்டு. கேட்காதவர்களுக்குத்தான் கிடைக்காது. எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டாலும் ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படி. நடுவில் யாராவது "சீட் உறுதி, பணம் கட்டு" என்றால் அவன் திருடன்.

முலுண்ட் மீனா (திங்கள், மாலை 6.05)

எல்லோரும் நாளையும் கிழமையையும் பேசுகிறீர்கள். அந்தப் பெண் கடைசியாக எழுதிய வரியை யாருமே தொடவில்லை. மேல் சட்ஜத்தில் காற்று வருகிறது என்கிறாள்.

நான் ஸ்பீச் தெரபிஸ்ட். பேசும்போது பெண்களின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறக்குறைய 200 தடவை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒரு ஷிப்டில் மூன்று மணி நேரம் பேசினாலே இருபது லட்சம் தடவைக்கு மேல். அதுவும் ஏசி காற்றில், தண்ணீர் குடிக்க நேரமில்லாமல், எதிர்முனையில் கத்துகிறவருக்கு ஈடு கொடுத்து. நாண்கள் சரியாக மூடாமல் இடைவெளி விழுந்தால் அங்கே காற்று கசியும். வீக்கமாக இருக்கலாம், உள்ளங்கையில் காய்ப்பு விழுவது போல நாட்யூலாகவும் இருக்கலாம். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. சயான் ஆஸ்பத்திரி உனக்குப் பக்கம்தானே கண்ணு, நாளைக்கே ஈஎன்டி ஓபிடிக்குப் போ. மென்தால் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பாடாதே; தொண்டை மரத்துப்போனால் வலியே தெரியாது. கிசுகிசுவென்று பேசுவதும் ஓய்வு இல்லை, அதுவும் நாண்களை வருத்தும்.

என்னைக் கேட்டால் விட வேண்டியது பரீட்சையும் இல்லை, போட்டியும் இல்லை. அந்த வேலை.

ஐரோலி அண்ணன் (திங்கள், இரவு 11.30)

மீனாக்கா, வேலையை விடு என்று சொல்வது எளிது. வாடகை யார் கொடுப்பது? நோட்டீஸ் காலம் முடிக்காமல் போனால் அனுபவச் சான்றிதழ் கிடைக்காது. நாளைக்குப் போட்டியில் தோற்றுவிட்டால் திரும்பவும் புது ஆளாக டிரெயினிங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நான் பன்னிரண்டு வருடமாக இந்தத் தொழிலில் டீம் லீடராக இருக்கிறேன். என் டீமில் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் உண்டு.

தங்கச்சி, எல்லாக் கம்பெனியிலும் சாட், ஈமெயில் பிராசஸ் இருக்கும். டாக்டர் சீட்டை வைத்துக்கொண்டு மாற்றிக் கேள். கம்பெனிக்குள்ளேயே வேலை மாற அறிவிப்பு, அதான் ஐ.ஜே.பி., வந்தால் விண்ணப்பம் போடு. சம்பளம் கொஞ்சம் குறையும், வாய்க்கு வேலை இருக்காது.

தாராவி செல்வன் (செவ்வாய், காலை 8.15)

தொண்டை விஷயம் எனக்குத் தோன்றவில்லை. மீனா அம்மா சொன்னது சரி. ஆனால் வாத்தியாரிடம் ஒரு கேள்வி. நாலு வருடத்தில் அந்தப் பெண் பட்டத்தோடு அதே ஐரோலியில் அதே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? பட்டம் வாங்கிய எங்கள் தெருப் பிள்ளைகள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள்.

மாட்டுங்கா வாத்தியார் (செவ்வாய், காலை 10.40)

நியாயமான கேள்வி. பட்டம் வாங்கினால் நல்ல வேலை நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் டிகிரி கேட்கிற வேலைகளுக்கு விண்ணப்பம் போடக்கூட டிகிரி வேண்டும், செல்வன். வங்கித் தேர்வுக்கே அதுதான் வாசல். கிரெடிட் ஏழு வருடம் இருக்கும். விட்டவர் திரும்பி வருகிற மனசு அத்தனை நாள் இருப்பதில்லை. அதைத்தான் பார்த்துப் பார்த்து நொந்துபோயிருக்கிறேன்.

துபாய் விஷயம் படித்தேன். உங்கள் வீட்டில் அன்றைக்கு யாரிடமாவது பேசித் தேதியை மாற்றப் பார்த்தார்களா? இரண்டில் ஒன்றுதான் என்று வைத்துவிட்டார்கள். அதே தவற்றை இந்தப் பெண்ணிடம் நாம் செய்ய வேண்டாம். பல்கலைக்கழகப் பேப்பரின் தேதியை என்னால் மாற்ற முடியாது. போட்டிக்காரர்களால் முடியும். கோரேகாவ் தம்பி சொன்னபடி அவர்களைக் கேட்கட்டும்.

தாராவி செல்வன் (செவ்வாய், காலை 11.05)

கேட்டுப் பார்க்கட்டும். மாற்றித் தராவிட்டால் என் பதில் பழைய பதில்தான்.

லேபர்கேம்ப் பாட்டுக்காரி (புதன், மாலை 4.20)

எல்லோருக்கும் நன்றி. கோரேகாவ் அண்ணா, கேட்டேன். முதலில் முடியாது என்றார்கள். ஹால் டிக்கெட்டை அனுப்பிய பிறகு ஒரு மணி நேரம் கழித்து, சனிக்கிழமை காலை எட்டு மணி என்று மெசேஜ் வந்தது.

நேற்று ஈஎன்டி போனேன். மூக்கு வழியாகக் கேமரா விட்டார்கள். திரையில் என் குரல்நாணை முதல் தடவையாகப் பார்த்தேன். வெள்ளையாக இருக்க வேண்டிய இரண்டு நாண்களும் ஓரமெல்லாம் சிவந்திருந்தன. நாட்யூல் இல்லை, வீக்கம்தான் என்றார் டாக்டர். பத்து நாள் பாடக் கூடாது, பேச்சையும் குறைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பத்து நாள் என்றால் சனிக்கிழமையும் அதற்குள் வருகிறது.

ஆபீசில் சீட்டைக் காட்டினேன். பத்து நாள் சாட் பிராசஸில் உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். இன்சென்டிவ் கிடையாது. நேற்றிலிருந்து வீட்டில் நோட்டில் எழுதிக் காட்டுகிறேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இன்று காலை தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே நான் எழுதியதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தாள். "சனிக்கிழமை போகவா?" என்றுதான் எழுதியிருந்தேன். படித்துவிட்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள், பதில் சொல்லவில்லை.

முலுண்ட் மீனா (புதன், மாலை 5.00)

போகாதே என்று சொல்லத்தான் என் படிப்பு சொல்கிறது. வீங்கிய நாணை அழுத்திப் பாடினால் ரத்தக் கசிவு கூட வரலாம். உன் டாக்டரிடம் இந்த ஒரு நிமிடத்தைப் பற்றி நேராகக் கேள். பாடவே கூடாது என்றால், கூடாதுதான்.

கோரேகாவ் கோரஸ் (புதன், மாலை 5.35)

டாக்டர் சம்மதித்தால் மட்டும் இதைப் படி. உன் பாட்டை மாற்று. மேல் ஸ்தாயி போகாத, பஞ்சமத்துக்குள்ளேயே சுற்றிவருகிற ஒன்றை எடுத்து அரைக் கட்டை இறக்கிக்கொள். சுருதிப் பெட்டி இருக்காது. போனில் தம்பூராவை வைத்து வாசல் வரை காதில் கேட்டுக்கொண்டே போ. வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் தொண்டையைத் திறந்து பயிற்சி செய்வார்கள். நீ வாயைத் திறக்காதே. டாக்டர் வேண்டாம் என்றால் கோஆர்டினேட்டருக்கு அந்தச் சீட்டையும் அனுப்பி வை.

தாராவி செல்வன் (புதன், இரவு 9.10)

டாக்டர் வேண்டாம் என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன் தங்கச்சி. இதை எழுத மனசு வரவில்லை, எழுதிவிட்டேன். சரி என்றால் சனிக்கிழமை விடியற்காலையில் என் ஆட்டோ 90 அடி ரோட்டில் நிற்கும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.

மாட்டுங்கா வாத்தியார் (புதன், இரவு 9.45)

முதலில் வெள்ளிக்கிழமை. டைரக்ட் டாக்ஸில் சம்பள வருமானக் கணக்கும் வீட்டுச் சொத்து வருமானக் கணக்கும் கையில் இருந்தால் பாதி பயம் போய்விடும். எங்கே தடுக்கிறதோ அதைப் படம் எடுத்து இங்கேயே போடு. நீ பேச வேண்டாம்மா, எழுதினால் போதும். நான் விழித்திருப்பேன்.