புதுப்பிப்பு: 13-வது வார ரத்தக்கசிவு, காரணம் தெரிந்தது

போன திங்கட்கிழமை பதறிப்போய் எழுதியிருந்தேன்: கர்ப்பத்தின் 13-வது வாரம், காலையில் பாத்ரூம் போனால் காபிப்பொடி நிறத்தில் கறை, வலி இல்லை, என்ன செய்ய என்று. உடனே கிளம்பச் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

ஸ்கேனில் இதயத்துடிப்பு நன்றாக இருக்கிறது. கருப்பைச் சுவருக்கும் கருவைச் சுற்றிய சவ்வுக்கும் நடுவே கொஞ்சம் ரத்தம் தேங்கியிருக்கிறதாம். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். பிறை மாதிரி ஒரு கறுப்புக் கீற்று. சின்னதுதான், பெரும்பாலும் தானே வற்றிவிடும், பழைய ரத்தம் என்பதால் பழுப்பாக வருகிறது என்றார். கருப்பை வாயில் புண், சதை வளர்ச்சி எதுவும் இல்லை. கருக்குழாயில் தங்கிய கருவோ என்று ஒருவர் கேட்டிருந்தீர்கள். 7-வது வார ஸ்கேனிலேயே அது இல்லை என்று தெரிந்துவிட்டது.

நான் யோசிக்கவே யோசிக்காத விஷயம்: என் ரத்த வகை ஓ நெகட்டிவ், கணவருக்கு பாசிட்டிவ். குழந்தையின் ரத்தம் பாசிட்டிவாக இருந்தால் அதை எதிர்க்கும் பொருள் என் உடம்பில் உருவாகாமல் தடுக்க ஆன்டி-டி ஊசி போட்டார்கள். கசிவு தொடங்கி 72 மணி நேரத்துக்குள் போடுவது நல்லதாம். நெகட்டிவ் வகைக்காரர்கள் கசிவு நின்றுவிட்டாலும் போய்ச் சொல்லிவிடுங்கள்.

படுத்தே கிடப்பதால் பயன் என்று நிரூபணம் இல்லை என்றார் டாக்டர். அத்தை நம்பவில்லை. (எல்லாம் அந்த ஒரு துண்டு பப்பாளியால்தானாம்!) நாப்கின் நனைகிற அளவு சிவப்பாக வந்தாலோ, வயிற்றுவலி, மயக்கம் என்றாலோ ராத்திரியானாலும் வரச் சொல்லியிருக்கிறார். 2 வாரத்தில் மறு ஸ்கேன்.