நள்ளிரவில் கதவைத் தட்டியவர்: உங்கள் யோசனை வேண்டும்

நேற்று இரவு 2 மணி வாக்கில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. "கொஞ்சம் சர்க்கரை குடுங்க" என்றார். குடித்திருப்பாரோ என்று நினைத்தேன். ஆனால் குடித்தவர் எதற்குச் சர்க்கரை கேட்கிறார்? ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் இதே அறிகுறிகள் வரலாம், பார்க்கப் போதை மாதிரியே இருக்கும்.

சரி என்று, கதவைத் திறக்காமல் ஜன்னல் கம்பி வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அப்புறம் கேட்டார் பாருங்கள், "வீட்டுல நீங்க மட்டும்தானா?" என்று! எனக்கு உதறல் எடுத்துவிட்டது. நான் பதில் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ் வருமுன் நடந்து போய்விட்டார்.

மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: தெளிந்த பிறகும் அவருக்கு மறுபடி சர்க்கரை இறங்குமா? அந்தக் கேள்வி வெறும் குழப்பத்தில் வந்ததாக இருக்குமா? போலீஸில் சொல்லி வைக்கலாம் என்றால், உதவி கேட்டு வந்த நோயாளியைச் சந்தேகப்படுகிறேனோ என்று உறுத்துகிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?