சிக்னல் ஃபுல், ராத்திரி ஆனா நெட் இழுக்குது: அபார்ட்மெண்ட் வைஃபைக்கு என்ன வழி?

மூன்றாம்_மாடி:
வேளச்சேரியில் 16 வீடுகள் உள்ள அபார்ட்மெண்ட். 100 எம்பிபிஎஸ் ஃபைபர். கம்பெனி கொடுத்த ரவுட்டர் ஹாலில் டிவி ஷெல்ஃபுக்குள் இருக்கிறது. பகலில் தொந்தரவே இல்லை. இரவு 8 மணிக்கு மேல் கடைசி பெட்ரூமில் வீடியோ கால் திக்கித் திக்கி வருகிறது, ஆனால் போனில் சிக்னல் கோடு முழுசாகத்தான் இருக்கிறது. கஸ்டமர் கேரில் "லைன் ஓகே சார்" என்கிறார்கள். சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் வாங்கட்டுமா?

ஃபைபர்_கை:
காசை இப்போதே இறக்காதீர்கள். கோளாறு ஃபைபரிலா, வைஃபையிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இரவு 9 மணிக்கு அதே பெட்ரூமில் லேப்டாப்பை வைத்து இரண்டு பிங் (சின்னச் செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது என்று பார்க்கும் சோதனை) ஓடவிடுங்கள்: ஒன்று ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1; இன்னொன்று வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர் 8.8.8.8க்கு. ரவுட்டருக்கே நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் ஆனால் வைஃபைதான் குற்றவாளி. ரவுட்டருக்கு 5க்குள் இருந்து, 8.8.8.8 மட்டும் எகிறினால் லேன் கேபிளைச் செருகியும் ஒருமுறை பாருங்கள். அப்போதும் அப்படியே என்றால் கம்பெனி பக்கம் நெரிசல். அந்த ஸ்கிரீன்ஷாட்டோடு புகார் கொடுங்கள்.

ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் காட்டும் ஒளி அளவு -27 டிபிஎம்முக்கு (சிக்னல் பலத்தின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகப் பலவீனம்) நெருக்கமாக இருந்தால் ஃபைபர் எங்கோ மடங்கியிருக்கும் அல்லது கனெக்டரில் அழுக்கு. ஆனால் மடங்கிய ஃபைபர் மணி பார்த்துப் படுத்தாது. தினமும் இரவில் மட்டும் என்றால் எனக்குச் சந்தேகம் அக்கம்பக்கத்து வைஃபை மேல்தான்.

மூன்றாம்_மாடி:
பார்த்துவிட்டேன். ரவுட்டருக்கே 3லிருந்து 380 வரை துள்ளுகிறது, நடுநடுவே டைம் அவுட். சுற்றியுள்ள வைஃபைகளைக் காட்டும் அனலைசர் ஆப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 22 நெட்வொர்க். என்னுடையது அதன் உட்பிரிவுகளில் சேனல் 9, அகலம் 40 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது.

சேனல்_பதினொன்று:
அந்த 40தான் முதல் வினை. 2.4இல் சேனல்களுக்கு இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒரு நெட்வொர்க்கோ குறைந்தது 20 அகலம் பிடிக்கும். ஒன்றையொன்று மிதிக்காமல் இருப்பவை 1, 6, 11 மட்டுமே. ஒரே சேனலில் இருக்கும் ரவுட்டர்கள் ஒன்றின் பேச்சை ஒன்று கேட்டு, முறை வைத்துப் பேசிக்கொள்ளும். 9இல் உட்கார்ந்தால் 6க்கும் 11க்கும் நீங்கள் இரைச்சல், உங்களுக்கு அவை இரைச்சல். சிக்னல் கோடு காட்டுவது ரவுட்டரின் குரல் எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை. பேச முறை கிடைக்கிறதா என்று அது காட்டாது. எல்லோரும் டிவி பார்க்கும் நேரத்தில் திக்குவது அதனால்தான்.

செய்ய வேண்டியது: 2.4இல் அகலம் 20, சேனல் 1, 6, 11இல் கூட்டம் குறைந்தது, "ஆட்டோ" வேண்டாம். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்து லேப்டாப், போன், டிவி எல்லாவற்றையும் அங்கே மாற்றுங்கள். 2.4 வாஷிங் மெஷினுக்கும் ஸ்மார்ட் பல்புக்கும் போதும். 5இல் சேனல் 36 அல்லது 149, அகலம் 80. அங்கும் கூட்டம் என்றால் 40. 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள், ரேடார் தென்பட்டால் ரவுட்டர் பாதியில் இடம் மாறும், இணைப்பு அறுந்து வரும். ரவுட்டரை ஷெல்ஃபிலிருந்து வெளியே எடுங்கள். டிவி முதுகில் உள்ள உலோகத் தகடு சிக்னலைத் தின்னும்.

சுவர்_துளை:
எல்லாம் சரி, ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டு சுவர் தாண்டும்போது நன்றாகவே இளைத்துவிடும், நடுவில் கான்கிரீட் தூண் வந்தால் இன்னும் மோசம். பெட்ரூமில் ஆப் -70 டிபிஎம்முக்குக் கீழே காட்டினால் சேனல் மாற்றியும் பெரிதாகப் பலன் இருக்காது. ரிப்பீட்டர் வேண்டவே வேண்டாம்: கேட்டதையே அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் பாதியாகும், ஏற்கெனவே நிரம்பிய காற்றில் இன்னொரு வாயும் சேரும்.

பழைய கேபிள் டிவி ஒயர் போகும் பைப் பெட்ரூம் வரை இருக்கும். அந்த ஒயரின் முனையில் கேட் 6 லேன் கேபிளைக் கட்டி இழுத்தாலே வந்துவிடும். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் மட்டும் விடாதீர்கள். செம்பு கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தில் செம்புப் பூச்சு போட்டு விலை குறைவாக விற்பார்கள், கனெக்டரை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) இடத்தில் முறியும். எட்டுக் கம்பியில் ஒன்று சரியாக உட்காராவிட்டாலும் கிகாபிட் வேகம் கிடைக்காது; 100 எம்பிபிஎஸில் நின்றுவிடும், அல்லது இணைப்பே வராது.

அந்த முனையில் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டரே போதும். அதில் டிஎச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலை) அணைத்து, ஐபியை 192.168.1.2 என மாற்றி, கேபிளை இணைய லைனுக்கான வேன் போர்ட்டில் அல்ல, லேன் போர்ட்டில் செருகுங்கள். முதல் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் 36 என்றால் இதற்கு 149.