டைலுக்கு ஓடா, சில்லா?

அன்புள்ள குழுவினருக்கு,
இணையப் பக்கத்தில் வரைபடம் காட்டப் பயன்படும் லீஃப்லெட் என்ற நிரல் தொகுப்பைப் பற்றி, பாலிடெக்னிக் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், ‘டைல்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன். இணைய வரைபடம் ஒரே படமாக வருவதில்லை, 256-க்கு 256 படப்புள்ளி கொண்ட சதுரங்களாக வந்து உலாவியில் ஒட்டிக்கொள்கிறது. ஸூம் 0-இல் உலகம் முழுக்க ஒரே சதுரம், 1-இல் நான்கு, 10-இல் 10,48,576. இந்தச் சதுரத்துக்கு வரைவில் ‘ஓடு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?
— செ., திருச்சி

ஐயா,
ஓடு நல்ல சொல்தான். ஆனால் நெடில்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமையில் ட இரட்டுமே! ஓடு, எண்ணிக்கை இரண்டும் சேர்ந்தால் ஓட்டெண்ணிக்கை. உங்கள் பாடத்தில் தேர்தல் முடிவு வந்துவிடும். டைல்களை அனுப்பும் கணினியான டைல் சர்வர் ‘ஓட்டு வழங்கி’ ஆகும், அது இன்னும் மோசம். சில்லு என்று வையுங்கள். பாண்டி ஆட எறிவோமே, உடைந்த ஓட்டுச் சில்லு, அதேதான். ‘சில்’ என்றாலே சிறியது. சில்லறை, சிலுப்பு, சிலந்திகூட இதே வேர் என்பது என் நெடுநாள் துணிபு. (சிலந்தியைப் பற்றி 2 பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் அனுப்புவேன்.)
— ம., மதுரை

வணக்கம்.
எங்கட ஊரில் சில்லு என்றால் சைக்கிள் சில்லு. ‘சில்லுகள் ஏற்றப்படுகின்றன’ என்று வாசிக்கிற பெடியன் லொறியைத்தான் நினைப்பான். கணினிக்குள்ளே இருக்கிற சில்லு வேறு இருக்கிறது. ‘படத்துண்டு’ என்று வையுங்கோ.
— த., யாழ்ப்பாணம்

படத்துண்டு நிற்காது அண்ணா. வெக்டார் டைலில் படமே கிடையாது. தெருவின் கோடும் ஊரின் பெயரும் வெறும் தரவாக வரும், வரைவது உலாவியின் வேலை. அதனால்தான் யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் நாம் சேர்த்த தமிழ்ப் பெயரைத் தரவில் வைத்திருந்தால், அதையே எடுத்துக் காட்ட முடிகிறது. பழைய பிஎன்ஜி படக்கோப்புச் சதுரத்தில் எழுத்தும் படத்தோடு சேர்ந்து வெந்துவிட்டது, மாற்ற வழியில்லை.
எங்கள் வீட்டில் இப்போது வேலை நடக்கிறது, கொத்தனாரைக் கேட்டேன். கூரைக்கு ஓடு, தரைக்கு டைல்ஸ் என்றார். லீஃப்லெட் நிரலில் மாணவர்கள் தட்டப்போகும் கட்டளையும் டைல்லேயர்தான். டைல் என்றே எழுதிவிட்டுப் போங்கள்.
— ர., கோவை

தம்பி, கொத்தனார் சொல்லைத் தள்ளவில்லை. ஆனால் வழங்கி, உலாவி எல்லாம் வந்த புதிதில் இப்படித்தான் சிரித்தோம். இதே மடலில் நீங்களே உலாவி என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டெண்ணிக்கைக்குப் பயந்தால் ‘ஓடுகளின் எண்ணிக்கை’ என்று விரித்துவிட்டால் தீர்ந்தது.
— ந., புதுச்சேரி

புதன் இரவு 11 மணி. தனிமடல்களையும் சேர்த்தால் ஓடு பக்கம்தான் தலைகள் கொஞ்சம் அதிகம். ‘வரைபட ஓடு’ என்று போட்டு, முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘டைல் எனப்படும்’ என்று முன்னால் சேர்த்துவிட்டேன். வழங்கியையும் ‘ஓடுகளை வழங்கும் கணினி’ என்று நீட்டிவிட்டேன். மதுரை ஐயா மன்னிக்கவும்.
— செ.

மன்னிப்பெல்லாம் எதற்கு? சில்லுதான் சரி என்பதைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள், போதும்.
— ம.

அது சரி, ‘ஸூம் 10’ என்று அப்படியே விட்டிருக்கிறீர்களே, அதை ஒருத்தரும் பார்க்கவில்லையோ?
— த.