இலவச பஸ்ஸால லாபம் யாருக்கு, வேலைக்குப் போற பொண்ணுக்கா கம்பெனிக்கா?

கணக்குப்பிள்ளை:
தமிழ்நாட்டுல மகளிர் இலவச பஸ் 2021 மே மாசம் ஆரம்பிச்சது, 2025-26 பட்ஜெட்ல மட்டும் இதுக்கு 3,600 கோடி. ‘ஓசில போறாங்க’ன்னு பேசுற ஆளுங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, அதனால யாரும் அந்தப் பக்கம் என்னை சேர்க்காதீங்க. என் கேள்வி வேற. தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துல சட்டை தைக்கிற பொண்ணுக்கு சம்பளம் ஏத்த வேண்டியது எக்ஸ்போர்ட் பண்ற முதலாளி. அவர் ஏத்தாம விட்டதை கவர்மெண்ட் பஸ் டிக்கெட்டா கட்டுது, அந்த சட்டையை அடிமாட்டு விலைக்கு வாங்கிட்டுப் போறவன் வெளிநாட்டுல இருக்கான். நம்ம வரிப்பணம் கடைசில யார் பாக்கெட்டுக்குப் போகுது?

அனகாபுத்தூர்க்காரி:
சார், எங்க அம்மா டெய்லர்தான், அதனால நேரா சொல்றேன். முன்னாடி ஒரு கம்பெனில கம்பெனி வேன்லதான் போவாங்க. வேன் காசை சம்பளத்துல புடிச்சிடுவாங்க, அதுகூட பரவால்ல, ஓவர்டைம் முடியாம வேன் கிளம்பாது, உடம்பு முடியலன்னாலும் உக்காந்திருக்கணும். மெப்ஸ்ல ஒரு இடத்துல 700 ரூபா கூடத் தராங்கன்னு தெரிஞ்சும் ரெண்டு வருஷம் போகல, ஏன்னா அங்க வேன் கிடையாது, பல்லாவரம் வந்து பஸ் மாறி சானடோரியத்துல இறங்கணும், கூட வர்ற காசு பஸ்ஸுக்கே போயிடும்னு பயம். டிக்கெட் இல்லன்னு ஆனப்புறம்தான் மாறினாங்க. இப்ப சொல்லுங்க, பழைய முதலாளிக்கு இதுல லாபமா நஷ்டமா?

கணக்குப்பிள்ளை:
மேடம், இதை நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். வேலை மாற முடியும்னா பேரம் பேசுற பலம் தொழிலாளிக்கு வரும், சரிதான். மாநில திட்டக் குழு ஆய்வுல ஒரு பொண்ணுக்கு சராசரியா மாசம் 888 ரூபா மிச்சம்னு வந்ததும் தெரியும். ஆனா எல்லா கம்பெனியும் ஒரே நேரத்துல ஆர்டர் இல்லாம நின்னா எங்க மாறுவீங்க? 2025 ஆகஸ்ட் 27-லேர்ந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டப்ப என்ன ஆச்சு?

அனகாபுத்தூர்க்காரி:
அம்மா லைன்ல ஓவர்டைம் நின்னுச்சு. சம்பளக் கவர் மெலிஞ்சுது. அந்த மாசம் எங்க வீட்டுல குறையாம இருந்த ஒரே விஷயம் பஸ்தான் சார். வரி போட்டவனையும் நாங்க தடுக்க முடியாது, ஆர்டரையும் நாங்க புடிக்க முடியாது.

மெட்ரோ பிரியன்:
ரெண்டு பேரும் பஸ்ஸையே புடிச்சிட்டு தொங்குறீங்க. ஜிஎஸ்டி ரோடு டிராஃபிக்ல எத்தனை பஸ் விட்டாலும் நகராது. 118.9 கிலோமீட்டர் மெட்ரோ ரெண்டாம் கட்டம் முடிஞ்சா ஊரே மாறும்.

டெப்போ காக்கி:
தம்பி, மெட்ரோ வரட்டும், நானும் சந்தோஷப்படுவேன். ஆனா அது 63,246 கோடி திட்டம், இன்னைக்கு மெட்ரோல ஒரு நாளைக்கு போறவங்க சுமார் 3 லட்சம், பஸ்ல 30 லட்சத்துக்கு மேல. நான் ரிட்டயர்டு கண்டக்டர். இலவசம்னாலும் சீட்டு கிழிச்சுக் கையில குடுக்கணும், அதை வாங்கி வளையலுக்குள்ள சொருகிட்டு நிக்கற பொம்பளைங்களை தினம் பார்த்தவன். ஃப்ரீ எல்லா பஸ்லயும் கிடையாது, பிங்க் அடிச்ச ஆர்டினரில மட்டும்தான், டீலக்ஸ்ல ஏறினா காசு. அதனால திட்டத்துல இலவசம் இருந்தாலும், ஷிப்ட் நேரத்துக்கு ஆர்டினரி வரலன்னா அந்தப் பொண்ணுக்கு அது இல்லாத மாதிரிதான். பஸ் இருந்து ஓட்ட ஆளில்லாத கதையும் உண்டு, 2024 ஜனவரி 9 ஸ்ட்ரைக்ல காலிப் பணியிடத்தை நிரப்பணும்னு கேட்டது அதுக்குத்தான். இப்ப வியாசர்பாடில 2025 ஜூன்ல வந்த 120 எலக்ட்ரிக் பஸ்ல கண்டக்டர் எங்க ஆளு, டிரைவர் தனியார் காண்ட்ராக்ட். ஒரு தொழிலாளிக்கு இலவசம் குடுக்க இன்னொரு தொழிலாளியை காண்ட்ராக்ட்ல போடறது எனக்கு மனசு ஒப்பல. கணக்குப்பிள்ளை சார் கோபத்தை இந்தப் பக்கம் திருப்பினா நான் கூட நிப்பேன்.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா நேராவே கேக்கறேன், இலவசம் வேணாம், 5 ரூபா டிக்கெட் போட்டு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பஸ் விட்டா மேடம் வீட்டுல எதை எடுப்பீங்க?

அனகாபுத்தூர்க்காரி:
அம்மாகிட்டயே கேட்டேன் சார். எட்டரைக்கு கேட் மூடிடுவாங்க, லேட்னா அரை நாள் போச்சு. நேத்து காலைல பல்லாவரத்துல மூணு டீலக்ஸை விட்டுட்டு டிபன் பையை ஒரு கையிலேர்ந்து இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டு பிங்க் பஸ்ஸுக்கு நின்னவங்க அவங்க. “காசு குடுத்து போனப்பவும் இதே ஸ்டாப்ல இவ்ளோ நேரம்தானடி நின்னேன், அப்ப மட்டும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வந்துச்சா”ன்னாங்க. காலைல ஏழுலேர்ந்து எட்டு வரைக்கும் தாம்பரம் பக்கம் ஆர்டினரி கூட விடணும், அதை எழுதுன்னு சொன்னாங்க, எழுதிட்டேன். டெப்போ காக்கி அண்ணா, இதை எந்த டெப்போல மனு குடுக்கணும்னு சொல்லுங்க, லைன்ல இருக்கற இருபது பேர்கிட்ட கையெழுத்து வாங்கித் தரேன்.